பூவும் பொட்டும் பற்றிக் கேட்ட சகோதரிக்கு

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

ஞானஸ்நானம் பெற்ற பிறகு பூவும் பொட்டும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சபைக்குச் சபை மாறுகிற விதிகளை விளக்குவதைவிட, பண்டித ரமாபாயைப் பற்றிச் சொல்வதே தகுந்த பதிலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சமஸ்கிருத சாஸ்திரங்களில் தேர்ந்து, கல்கத்தாப் பண்டிதர்களால் 'சரஸ்வதி' என்று பட்டம் சூட்டப்பெற்ற அந்த மராட்டியப் பெண், கணவரை இழந்த மறு ஆண்டே கைக்குழந்தையுடன் இங்கிலாந்து சென்று, 1883இல் வான்டேஜ் நகரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் மரக்கறி உணவை அவர் கைவிடவில்லை. சிலுவையில் பொறித்திருந்த லத்தீன் வாசகத்தைக் கண்டு, நம் நாட்டுப் பெண்களுக்குப் புரியாத மொழி எதற்கு, சமஸ்கிருதத்தில் பொறிக்கலாமே என்று வாதிட்டார். திருச்சபையின் போதனைக்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படியுமாறு அவருடைய ஞானத்தாயான, அம்மடத்துக் கன்னியர் சகோதரி ஜெரால்டின் வற்புறுத்தியபோது, இந்தியப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து பெரும்பாடுபட்டு விடுபட்ட தமக்கு, அதுபோன்ற இன்னொரு நுகத்தைச் சுமக்க மனமில்லை என்று 1885இல் எழுதினார். விருத்தசேதனத்தைப் புறஜாதி விசுவாசிகள்மேல் சுமத்தியவர்களை எதிர்த்துப் பவுல் கலாத்தியருக்கு எழுதியதும் இதே வழக்கைத்தான்.

இதைக் கொண்டு, முன்னோர் வழக்கம் அனைத்தையும் ரமாபாய் காத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். உயர்சாதி விதவைகளின் தலையை மழித்து மூலையில் ஒடுக்கிய கொடுமையை 1887இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அவர் தயக்கமின்றிச் சாடினார். 1889இல் பம்பாயில் அவர்களுக்காகச் சாரதா சதன் என்ற விடுதிப் பள்ளியைத் திறந்தார். சிலுவையில் சமஸ்கிருதம் வேண்டும் என்று கேட்ட அவரே, பிற்காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று வேதாகமத்தை மராத்தியில் பெயர்த்தபோது, படிப்பறிவு குறைந்த பெண்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகச் சமஸ்கிருதச் சொற்களை இயன்றவரை தவிர்த்தார். இந்த மாற்றத்தை முரண்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது அந்தப் பெண்களைத்தான்.

ஆகவே, பூ வைப்பதையோ வைக்காததையோ உங்கள் விசுவாசத்தின் அளவாக நான் கொள்ளமாட்டேன். அதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன். ஆனால், உங்கள் சபையில் கணவரை இழந்த ஒரு பெண், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிப் பூவைத் தொடாமல் இருப்பாரானால், நீங்கள் போதகரிடம் முதலில் பேச வேண்டியது அவரைப் பற்றித்தான்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி