நடுவில் மிஞ்சும் பட்டை: பூங்காப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்காப் பராமரிப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். கடந்த புதன்கிழமை காலை, குளத்தையொட்டிய பெரிய புல்தரையில் இயந்திரத்தால் புல் வெட்டியபோது மாண்ட தேரைகளைப் பற்றியது இந்த மடல். இதற்கு முந்தைய இரண்டு மனுக்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன, எனவே பழங்கதை வேண்டாம். கேட்பதும் அதே ஒன்றைத்தான்: புல்லை வெளியோரத்தில் தொடங்கி உள்ளே சுற்றிச் சுற்றி வெட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் நோக்கிப் பட்டை பட்டையாக வெட்டுங்கள்.

ஓரத்தில் முதல் சுற்று முடிந்ததுமே புல்லுக்குள் இருக்கும் உயிர்களுக்கு வெளியேறும் வழி அடைபட்டுவிடுகிறது. வெட்டிய இடம் வெட்டவெளி. தேரையோ அரணையோ மறைப்பில்லாத தரையைச் சுலபத்தில் கடக்காது. காகத்துக்குப் பயந்து, மீந்திருக்கும் புல்லுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நகரும். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். தரை முழுக்கப் பரவிக் கிடந்தவை கடைசியில் நடுவில் மிஞ்சும் இரண்டடிப் பட்டைக்குள் வந்து அடைகின்றன. அதையும் ஒரே ஓட்டில் வெட்டிவிட்டு இயந்திரத்தை அணைக்கிறார்கள். புதன்கிழமை அந்தப் பட்டை இருந்த இடத்தில் வெட்டுப்புல்லை விலக்கிப் பார்த்தால், பெரிய தேரைகள் மட்டும் 11 கிடந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில். ஒன்றுக்கு முதுகு மட்டும் சீவப்பட்டிருந்தது. பின்னங்கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவே உள்ள குஞ்சுத் தேரைகளை எண்ண வழியில்லை, அவை புல்தூளோடு தூளாகிவிட்டன. தரையின் மற்ற பகுதிகளில் தேடியதற்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு.

“சத்தம் கேட்டால் ஓடிவிடுமே” என்றார் உங்கள் மேற்பார்வையாளர். ஓடாது, ஐயா. ஆபத்து நெருங்கினால் தேரை உடலைத் தாழ்த்தித் தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கொக்கிடம் அந்தத் தந்திரம் பலிக்கலாம், பிளேடிடம் பலிக்காது. 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் போகிறது. இயந்திரத்தைத் தள்ளுபவர் சாதாரணமாக நடந்தாலே நொடிக்கு ஒரு மீட்டர் முன்னேறிவிடுவார். போதாததற்கு, பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதே காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்துவதற்காகத்தான். அந்த இழுப்பு, கீழே பதுங்கிக் கிடக்கும் சின்ன உயிரையும் சேர்த்தே தூக்கிவிடும்.

பட்டை வெட்டுக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உங்கள் பதில் கடிதத்தில் இருந்த ஒரே காரணம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 53 செ.மீ. அகலத்தில் 8 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று விழ விட்டால், ஓர் ஓட்டுக்கு 45 செ.மீ. கிடைக்கும். 20 மீட்டர் அகலத் தரைக்கு 45 பட்டைகள், 44 திருப்பங்கள். திருப்பத்துக்கு 10 நொடி வைத்தாலும் திருப்பங்கள் மொத்தமும் ஏழரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுற்றி வெட்டினாலும் மூலைக்கு மூலை திரும்பத்தான் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தை நாங்கள் கழிக்கக்கூட இல்லை.

செய்முறையும் சிக்கலானதல்ல. இரண்டு முனைகளிலும் இயந்திரம் திரும்புவதற்கு மட்டும் இரண்டு அகலம் வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு நடைபாதைப் பக்கம் தொடங்கி, குளக்கரைப் புதர் நோக்கி நகருங்கள். கலைந்தவை ஒவ்வொரு ஓட்டுக்கும் வெட்டாத புல்லுக்குள் ஒதுங்கி, கடைசியில் புதருக்குள் போய்ச் சேரும். நாலு பக்கமும் நடைபாதை உள்ள தரை என்றால் நடுவில் தொடங்கி இரு பக்கமும் வெளிநோக்கி வெட்டலாம். புதரையொட்டிய கடைசி ஒரு மீட்டரை மறுநாள்வரை விட்டுவையுங்கள். இப்போது நடப்பதோ, உயிர் பிழைத்து அங்கே ஒதுங்கியவற்றைச் சரடு சுழற்றிப் புல் வெட்டும் பிரஷ் கட்டரோடு உடனே போய் வரவேற்பது. நைலான் சரடு தோலைக் கிழிப்பதற்குப் பிளேடின் வேகம் தேவையில்லை. வேலியோரத்தை முதலில் நீண்ட கோலால் மெல்லக் கலைத்துவிட்டு, சரடு தரையைத் தொடாதபடி உயர்த்திப் பிடித்தால் போதும்.

நேரத்தையும் சற்று மாற்றலாம். காலை ஆறு மணிக்குப் புல் நனைந்திருக்கும், தேரைகள் வெளியே இருக்கும். ஓணானும் அரணையும் வெயில் ஏறாமல் விறைத்துக் கிடக்கும், ஓட நினைத்தாலும் உடம்பு ஒத்துழைக்காது. பத்து மணிக்கு மேல் தேரை நிழலுக்குள் போயிருக்கும், அரணைக்குக் கால் வந்திருக்கும். மழைக்கு மறுநாள் வெட்டவே வேண்டாம். ஈரப்புல் மேல்மூடிக்குள் அப்பிக்கொண்டு இயந்திரமும் திணறுகிறது என்பது உங்கள் ஆட்களுக்கே தெரியும். குளத்தில் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறும் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கரையோரம் மூன்று மீட்டரை அப்படியே விடுங்கள். உயரத்தை 3 செ.மீ.யில் வைக்காமல் 7.5-க்கு ஏற்றுங்கள், உட்கார்ந்திருக்கும் பெரிய தேரைக்குத் தலை தப்பும். முழங்கால் உயரம் வளரவிட்டு ஒரேயடியாக மொட்டையடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அவ்வளவு புல் என்றால் அதற்குள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருக்கும். முதல் நாள் இயந்திரத்தின் ஆக உயர்ந்த படியில் வெட்டி, மறுநாள் இறக்குங்கள்.

தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவையின் கூடு இருந்தால், அதனருகே கம்பு நடாதீர்கள். காகத்துக்கு அது முகவரி எழுதிக் கொடுப்பது போல. கூட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிச் சுற்றிலும் அடையாளம் வைத்து, குஞ்சு பொரித்து நகரும்வரை அந்தத் தீவை விட்டுவிடலாம்.

பூங்கா வாசலில் தவளை வாயைப் பிளந்து நிற்கும் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறீர்கள். அதற்கு வருடா வருடம் பச்சை பெயின்ட் அடிக்கிறீர்கள், அதன் ஒரு காதோரம் சிமென்ட் பெயர்ந்தால் மறுநாளே பூசுகிறீர்கள். சிமென்ட் தவளைக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசி, உயிருள்ளதற்கும் கிடைத்தால் நன்றாயிருக்கும். இனி இரவில் ரோபோ புல்வெட்டி ஓட்டப்போவதாக அறிவிப்பு வேறு! 2021இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், இறந்த முள்ளெலிகளை வைத்து 18 ரோபோக்களைச் சோதித்தார்கள். மோதாமலே கண்டுகொண்டு விலகியது ஒன்றுகூட இல்லை. முள்ளெலியே தெரியாத கருவிக்கு நகமளவு தேரை தெரியும் என்று எந்த விற்பனையாளர் உங்களிடம் சத்தியம் செய்தாரோ! வாங்கியே தீருவது என்றால், பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. புது இயந்திரமோ கூடுதல் ஆளோ நாங்கள் கேட்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே வெட்டுவதை நிறுத்துங்கள் என்பது மட்டுமே தாழ்மையான வேண்டுகோள்.

புல்தரையின் வரைபடம் ஒன்றை இதோடு இணைத்திருக்கிறோம். நடைபாதையிலிருந்து குளக்கரைப் புதரை நோக்கி ஒரே ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். அதை இயந்திரத்தின் கைப்பிடியில் ஒட்டித் தரும்படி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அடுத்த வெட்டு வரும் புதன்கிழமை என்று பலகையில் எழுதியிருக்கிறது. செவ்வாய் மாலைக்குள் ஒரு வரி பதில் வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
குளக்கரைப் புல்தரையைப் பயன்படுத்துவோர்