சுந்தரா, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியை வாங்கும் முன் விஜயாவிடம் பேசு

அன்புள்ள சுந்தரா,

உன் மெயிலுக்குப் பதில் போடவே இல்லை, மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாலதிக்குப் பெண் குழந்தை. ராகவன் அதே ராகவன்தான், இன்னும் பணம் தரவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். போன வாரம் விமான நிலையத்தில், சோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். நம் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் விட்டுவிட்டுத் திறந்து மூடியது. "மூச்சு இருக்கு, தண்ணி தெளிங்க" என்றார் ஒருவர். அது மூச்சே இல்லை, இதயம் நின்றபின் வரும் திணறல் என்று அங்கே வேலை பார்த்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டாள். இன்னொருவர் சுவரில் மாட்டியிருந்த, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டியைக் கொண்டு ஓடி வந்தார். சட்டையைக் கத்தரித்து, வலது காறை எலும்புக்குக் கீழே ஒரு பேட் (தோலில் ஒட்டும் தகடு), இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இன்னொன்று. யாரும் தொடாதீர்கள் என்று பெட்டியே சொன்னது. ஒரே ஷாக். மறுபடி அழுத்தினாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் கை அசைந்ததைப் பார்த்தேன் சுந்தரா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே உன் ஞாபகம்தான். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த கையோடு சிகாகோ கிளம்புகிறாய், சொந்தமாக ஒரு ஏ.இ.டி. வாங்கிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். அதை உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீ விழுந்தால் பேடை ஒட்டப்போவது நீயா? விஜயாதானே! அவளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

பெட்டிக்கு அங்கே பஞ்சமில்லை. நீ இறங்கப்போகும் ஓஹேர் விமான நிலையத்தில் 1999-லேயே வைத்துவிட்டார்கள். முதல் 2 வருடத்தில் சிகாகோவின் 3 விமான நிலையங்களில் 21 பேருக்கு இதயம் நின்றது, அதில் 18 பேருக்கு ஷாக் கொடுத்தால் சரியாகக்கூடிய வகைத் துடிப்புக் கோளாறு, 11 பேர் மீண்டார்கள். அந்த 11-ல் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் இந்தப் பெட்டியில் பயிற்சியே எடுக்காதவர்கள், அவர்களில் 3 பேர்தான் டாக்டருக்குப் படித்தவர்கள். 1965-ல் பெல்ஃபாஸ்டில் பான்ட்ரிட்ஜ் என்ற டாக்டர் கார் பேட்டரியில் ஓடும்படி செய்த முதல் ஷாக் கருவி 70 கிலோ. இன்றைக்கு ஒரு கையில் தூக்கலாம், ஷாக் தேவையா என்பதையும் அதுவே பார்த்துச் சொல்லும். தேவையில்லை என்றால் கொடுக்காது, அதனால் விஜயா பயப்பட ஒன்றுமில்லை.

நேரம்தான் எமன். அழுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை போய்விடுகிறது. ஆள் அசையவில்லை, ஒழுங்கான மூச்சில்லை என்றால் உதவிக்கு யாரையாவது கூப்பிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அழுத்த வேண்டும், பெட்டி வரும்வரை நிறுத்தக்கூடாது.

அப்புறம் உன் பழைய வியாதி, நெஞ்சு வலித்தால் கேஸ் என்று சோடா குடிப்பது. நினைவோடு இருக்கும்போது வரும் வலிக்கு அந்தப் பெட்டி எதுவும் செய்யாது. விமானத்தில் என்றால் பணிப்பெண்ணைக் கூப்பிடு, மகள் வீட்டில் என்றால் அங்கத்திய அவசர எண் 911. மாத்திரைகளைக் கைப்பையில் வை, சூட்கேஸில் போட்டு அனுப்பாதே.

விஜயாவிடம் இந்த மெயிலைக் காட்டு. அவளும் நானும் சேர்ந்தே சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) வகுப்புக்குப் போகிறோம், நீ கிளம்பும் தேதியை மட்டும் சொல்.

உன்,
வேணு