கேர்ஷீல்ட் லைஃப்: மதிப்பீட்டு நாளில் உள்ளதைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி இருந்தும் அதைக் கேட்டு வாங்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கேட்டும் கிடைக்காத குடும்பங்களும் உண்டு. ‘கடுமையான உடற்குறை’ என்று சிங்கப்பூர் அரசின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்ட் லைஃப் எதைச் சொல்கிறது என்பது வீட்டில் பலருக்குத் தெரிவதில்லை.

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைத் தேவை, வீட்டுக்குள் நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றையாவது பிறர் துணையின்றிச் செய்ய முடியாதவருக்கே பணம் கிடைக்கும். நோயின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. உண்ணுதல் என்றால் எதிரே வைத்த உணவைத் தானே சாப்பிடுவது. சமைக்க முடியாதது அதில் சேராது. குளித்தல் என்றால் குளியலறைக்குள் போய் வெளியே வருவதும் சேர்த்திதான்.

சிக்கல், உடற்குறையை நேரில் பார்த்து மதிப்பிடும் நாளில்தான். மதிப்பீட்டாளர் வந்ததும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். “சட்டை நீங்களே போட்டுக்குவீங்களா ஐயா?” “போட்டுக்குவேனே!” தினமும் பொத்தான் மாட்டிவிடும் மகள், அப்பாவின் மானம் போகக் கூடாதென்று பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்பார். அந்த ஒரு பதிலில் மூன்று இரண்டாகிவிடும்.

இதைத் தவிர்க்க, ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்கள். ‘உதவி செய்தோம்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘காலை 6.10, கட்டிலிலிருந்து எழுப்ப இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது’ என்று நேரத்தோடும் செயலோடும் எழுதுங்கள். பெரியவர் முன்னால் பேசத் தயக்கமாக இருந்தால், தாளை மதிப்பீட்டாளரிடம் கொடுத்துவிடலாம்.

தொகையிலும் வேறுபாடு பெரிது. இதற்கு முந்தைய காப்புறுதியான எல்டர்ஷீல்டில் மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 60 மாதத்துக்கு. 2007க்குப் பிறகு 400 வெள்ளி 72 மாதத்துக்கு. கேர்ஷீல்ட் லைஃப் 2020ல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கி 2025ல் 662 ஆனது. உடற்குறை நீடிக்கும்வரை ஆயுளுக்கும் வரும். ஆனால் பணம் வாங்கத் தொடங்கிய ஆண்டின் தொகையே பிறகும் தொடரும். ஆண்டுதோறும் கூடும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 1979லோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு இத்திட்டம் கட்டாயமில்லை என்பதால், பெற்றோர் எதில் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

மூன்று செயல்கள் என்ற அளவு இல்லப் பராமரிப்பு மானியத்துக்கும் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 2026 ஏப்ரல் முதல் மாதம் 600 வெள்ளி வரை. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து மெடிசேவ் கேர் திட்டம் வழி மாதம் 200 வெள்ளி வரை எடுக்கலாம். இவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

இவ்வளவு வந்தும் பராமரிப்பவரின் களைப்பு குறையாத வீடுகள் உண்டு. பணம் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் போய்க் கரைந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பவர் அதே மகள்தான், அல்லது அதே மருமகள்தான். வேலையை விட்டவருக்கு மத்திய சேம நிதி என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பும் நின்றுபோகிறது. வரும் தொகையில் ஒரு பகுதியை, வாரத்தில் இரண்டு நாள் பகல்நேரப் பராமரிப்புக்கோ மாற்று ஆளுக்கோ என்று முதல் மாதத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். அண்ணன் தம்பிகள் கூடி முடிவு செய்யும் இடத்தில் பராமரிப்பவரும் உட்கார வேண்டும்.

முதுமை மறதிநோய் உள்ளவர்கள் நிலை இன்னும் வேதனை. தானாக நடப்பார், தானாகச் சாப்பிடுவார். ஆனால் அடுப்பை அணைக்க மறப்பார், நள்ளிரவில் கதவைத் திறந்து மின்தூக்கியில் இறங்கிவிடுவார். ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்க முடியாத இந்தக் காவல் ஆறு செயல்களில் எதிலும் சேர்வதில்லை. சுகாதார அமைச்சு இந்த அளவுகோலை அடுத்து ஆராயும்போது, கண்காணிப்புத் தேவையையும் ஏழாவதாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவ சமூக ஊழியர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்