ஓவியத் தாளில் செலோடேப் வேண்டாம்

ஆசிரியருக்கு,

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ ப்ருன்னின் மனித-விலங்கு முக ஒப்பீட்டுப் படங்கள் உள்ளன. இத்தகைய பழைய தாள்களை 50 லக்ஸுக்கு (லக்ஸ் – வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. வெளிறிய நிறம் திரும்பாது.

கிழிசலில் செலோடேப் ஒட்டுவதுதான் பெருங்கேடு. பசை பழுப்பேறித் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தடித்துத் தெரியும்), கோதுமை மாவுச்சத்துப் பசையை மிகக் குறைவாகத் தடவி, பின்புறம் ஒட்டி, கனம் வைத்து உலர்த்த வேண்டும்.

சட்டமிடும்போது தாளைப் பின் அட்டையில் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடங்களில் ஒட்டினால் போதும். நான்கு பக்கமும் ஒட்டினால், மழைக்கால ஈரத்தில் விரியும் தாள் நெளிந்துவிடும். கண்ணாடி தாளைத் தொடவே கூடாது; ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மாவட்டக் காப்பகங்களுக்கு தாளைப் பழுப்பாக்காத அமிலமற்ற அட்டையும் ஈரப்பதமானியும் வாங்க அரசு உடனே நிதி ஒதுக்க வேண்டும்.

– காகிதப் பாதுகாப்புப் பணியாளர்கள், தஞ்சாவூர்