அந்தக் காட் கடல் தாண்டாது

மச்சான்,

நீ அனுப்பிய குரல் செய்தியை நேற்றிரவுதான் கேட்டேன். தை பிறந்தும் இங்கே கிளிநொச்சி வட்டக்கச்சியில் மழை விட்டபாடில்லை. சித்திரையில் உனக்கு 65 ஆகிறதாம், இனி அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதி, அந்த மெடிக்கேர் இருக்கிறதாம், ஒரு செலவும் இல்லையாம், ஊருக்கு வந்து என் வளவுக்குப் பக்கத்தில் வீடு கட்டப்போகிறாயாம். வா. ஆனால் அந்த 'செலவில்லை' கதையை நம்பித்தான் நானும் முன்பு ஏமாந்தேன்.

பத்து வருஷம் சம்பளத்தில் மெடிக்கேர் வரி கழித்திருந்தால் பார்ட் ஏ-க்கு, அதாவது ஆஸ்பத்திரியில் படுப்பதற்கான பகுதிக்கு, மாதக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் 1,736 டொலர் உன்னுடையது (2026 கணக்கு), வீட்டுக்கு வந்து 60 நாள் கடந்து மறுபடி படுத்தால் மறுபடியும் அதே தொகை. டொக்டர், ஸ்கேன் எல்லாம் பார்ட் பி. அதற்கு மாதம் 202.90 டொலர், போன வருஷம் 185ஆக இருந்தது, சோஷல் செக்கியூரிட்டி பென்ஷன் காசிலேயே கழித்துவிடுவார்கள். வருஷத்தில் முதல் 283 டொலரை நீ கட்டி முடித்த பிறகும் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு உன் தலையில்தான், தனியாக இன்னொரு காப்புறுதி எடுக்காவிட்டால் அதற்கு உச்சவரம்பே இல்லை. பல், கண்ணாடி, காது மெஷின் இவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தரமாட்டார்கள். இந்த வயதில் முதலில் பழுதாகிறதே அதுகள்தானே!

சரி, ஊருக்கு வருகிற கதை. அந்த மெடிக்கேர் காட் கடல் தாண்டாது. பரந்தனில் விழுந்து கால் முறிந்தால் அங்கிருந்து ஒரு சதம் வராது. பாவிக்காத பார்ட் பி-யை நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், திரும்பிப் போய்ச் சேரும்போது விட்டிருந்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பத்து வீதம் கூட்டி, சாகும்வரை அப்படியே வாங்குவார்கள், ஐந்து வருஷம் விட்டால் ஒன்றரை மடங்கு. நினைத்த மாதத்தில் சேரவும் முடியாது, ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

நான் இன்னும் பார்ட் பி காசைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். "இரணைமடுக் குளத்துத் தண்ணி எட்டாத காணிக்கு வாய்க்கால் வெட்டுறியள்" என்று மனுசி மாதாமாதம் ஏசுகிறாள். அவள் சொல்வது நியாயம்தான், ஆனால் மகள் அங்கே இருக்கிறாள், நெஞ்சுக்கு ஏதும் வந்து அங்கே போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயம் என்னை விடவில்லை.

இப்போதைக்கு சீனிக்கும் பிரஷருக்கும் கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிளினிக்தான். விடியப் போய் நம்பர் எடுத்து, வாங்கில் மணிக்கணக்காக இருக்க வேண்டும். காசு வாங்குவதில்லை. கையிருப்பில் இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதித் தருவார்கள், அதை வெளியே வாங்க வேண்டும். மற்றபடி ஓட்டோக்காரனுக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய செலவு. நம்மோடு படித்த மூன்று பேரை அந்த வாங்கில்தான் திரும்பக் கண்டேன், ஒருவனுக்கு உன்னை அடையாளமே தெரியவில்லை, போட்டோ காட்டினேன், சிரித்தான்.

ஜூலை முடியுமுன் எப்படியும் பார்ட் பி-க்குப் பதிந்துவிடு, பிந்தி ஒரு முழு வருஷம் கடந்தால் அதற்கும் அதே தண்டம். கம்பெனிக் காப்புறுதியோடு வேலையில் இருக்கிறாய் என்றால் மட்டும் பொறுக்கலாம், அதை முதலில் விசாரி. வரும்போது என் காது மெஷினுக்கு இரண்டு பெட்டி பற்றரி கொண்டுவா, இங்கே தேடித் திரிந்து களைத்துவிட்டேன்.