ஓரமா நின்ன அண்ணனுக்கு

விழுந்துருச்சு மக்களே. மான்ஸ்டர் ஹண்டர் கேம்ல வர்ற அந்த ஃபேட்டாலிஸ் டிராகன் ராத்திரி 1.52க்கு விழுந்துச்சு, இப்ப மணி மூணாகப் போகுது, கை இன்னும் நடுங்கிட்டு இருக்கு, படுத்தா கண்ண மூடினதும் அந்த நெருப்புதான் தெரியுது, அதான் எந்திரிச்சு இத தட்டிட்டு இருக்கேன். ரெண்டு மாசமா நான் புலம்புன புலம்பல் என்னோட பழகுற எல்லாருக்கும் தெரியும். எத்தன தடவ தோத்தோம், எங்க தோத்தோம்னு மறுபடி ஆரம்பிச்சா நீங்களே என்ன பிளாக் பண்ணிருவீங்க, அதனால அது வேணாம். நன்றி மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன்.

முதல்ல எல்லாருக்கும் மொத்தமா. சனி ஞாயிறு எங்கயும் கூப்பிடாம விட்ட கூட்டாளிங்களுக்கு, நடுராத்திரி நான் கத்துனதுக்கு மறுநாள் லிஃப்ட்ல பாத்தப்ப ஒண்ணும் சொல்லாம சிரிச்ச பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு, வைஃபை காலை வாருதுன்னதும் பத்து மீட்டர் லேன் கேபிள் கொண்டாந்து குடுத்த மாமாவுக்கு, "அந்த டிராகன் உனக்கு சோறு போடுமா"ன்னு திட்டிக்கிட்டே மைலோ கலந்து டேபிள்ல வச்சுட்டுப் போன அம்மாவுக்கு. எல்லாரும் புது மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸுக்குப் போயிட்டாங்க, நீ இன்னுமா அந்த பழைய கோட்டைல கிடக்கனு கேட்டவங்களுக்கும் நன்றி, அந்த ரோஷமும் கொஞ்சம் உதவுச்சு.

அப்புறம் எங்க டீம். என் தங்கச்சி, அவ ஆயுதம் லைட் போகன், தூரத்துல இருந்து சுடுற துப்பாக்கி. மொத ரெண்டு நிமிஷம் பீரங்கி முழுக்க அவ பொறுப்பு. அதுக்குன்னே பீரங்கி அடிய கூட்டுற ஹெவி ஆர்ட்டிலரி ஸ்கில் போட்ட ஒரு தனி செட்டு செஞ்சு வச்சிருந்தா, ஃபேட்டாலிஸ் உள்ள வந்ததும் குண்ட மொத்தமா அது மூஞ்சில இறக்கிட்டு, கேம்ப்புக்கு ஓடி வழக்கமான செட்டுக்கு மாத்திட்டு வருவா. பெரிய அம்பு எய்யுற அந்த நகர்ற பாலிஸ்டாவும் அவளோடதுதான், வேற யாரையும் கிட்ட விடமாட்டா. ஹேமர் எடுத்தவன் என்னோட என்எஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவைல, ஒரே செக்‌ஷன்ல இருந்தவன், திங்கக்கிழமை அவனுக்கு ரிசர்விஸ்ட், திரும்ப ராணுவப் பயிற்சிக்குப் போகணும். இந்த வாரம் முடியலன்னா அவ்ளோதான், அவன் திரும்பி வர்றதுக்குள்ள எங்களுக்கு ஆசையே போயிருக்கும். தலைய அடி தலைய அடினு தொண்டை கிழிய கத்துனது அவன்தான். தலை ரெண்டு தடவ உடைஞ்சாதான் கடைசில அந்த நெருப்போட வீரியம் குறையும், அதுக்கு முன்னாடி வால் ரெக்கைனு போறதெல்லாம் வேஸ்ட்டுனு எங்களுக்குப் புரியவே ஒரு மாசம் ஆச்சு. உங்க ரெண்டு பேருக்கும் வீட்டுக்கு வந்தா பரோட்டா வாங்கித் தர்றேன், போதும்ல.

மிச்சம் எல்லாம் ஜோகூர் அண்ணனுக்கு.

இவர நான் நேர்ல பாத்ததே இல்ல. ஹேமர் பையனோட கம்பெனில வேல செய்யிறவரு, நாலாவது ஆள் இல்லாம தவிச்சப்ப அவன் இழுத்துட்டு வந்தான். வீடு மலேசியால ஜோகூர் பாரு, வேல இங்க சிங்கப்பூர்ல, விடியக்காலை நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு பைக்க எடுத்துக் கடற்பாலத்துல வரிசைல நிக்கிற மனுஷன். எனக்குத் தெரிஞ்சது அவரோட குரலும், மைக்ல பின்னாடி கடகடன்னு ஓடுற அந்த ஃபேன் சத்தமும்தான். பிஎஸ்பின்னு கைல வச்சு ஆடுற பழைய கேம் மிஷின் காலத்துல இருந்து ஆடுறாராம், பேச்சு மட்டும் ரொம்பக் கம்மி.

புதன்கிழமை ராத்திரி நான் அவர்கிட்ட ஒரு தப்பு பண்ணேன், அத சொல்லாம இந்த மடல் எழுத முடியாது. நான் கிரேட் ஸ்வோர்டு, பெரிய கனமான வாள். அது தலைய கீழ இறக்குற அந்த ஒரு நொடிக்காக சார்ஜ் பண்ணிட்டு நிக்கணும். அண்ணே லாங் ஸ்வோர்டு, அதோட வீச்சு நீளம், பக்கத்துல நிக்கிறவன தட்டிவிட்டுரும். நான் சார்ஜ் பண்றேன், அவர் வாள் பட்டு தடுமாறுறேன், திரும்ப சார்ஜ், திரும்ப தடுமாற்றம், மூணாவது தடவ தடுமாறுனப்ப நெருப்பு நேரா என் மேல, அதுதான் எங்க கடைசி உசுரு. நாலு பேருக்கும் சேர்த்தே மூணு தடவதான் விழலாம்னு உங்களுக்கெல்லாம் தெரியும். முப்பது நிமிஷத்துல இருபத்தி நாலு நிமிஷம் ஓடியிருந்துச்சு. நான் மைக்ல சொன்னேன், "அண்ணே, அடிக்கத் தெரியலன்னா ஓரமா நில்லுங்கண்ணே".

ஃபேன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடுச்சு. அப்புறம் "சரி தம்பி"ன்னாரு. போயிட்டாரு.

என் தங்கச்சி அரை மணி நேரம் என்ன கிழிச்சா. ஃப்ளிஞ்ச் ஃப்ரீன்னு ஒரு ஸ்கில் இருக்கு, ஒரே ஒரு லெவல் போட்டிருந்தா போதும், கூட ஆடுறவங்க அடி பட்டு நான் தடுமாறியிருக்கவே மாட்டேன், அத கழட்டிட்டு அந்த இடத்துல அட்டாக் கூட்டுற ஜுவல் சொருகினது நான்தான். அதாவது தப்பு என்னோடது, பேச்சு வாங்குனது அவரு. மன்னிப்பு கேட்டு மெசேஜ் டைப் பண்ணேன், அழிச்சேன், திரும்ப டைப் பண்ணேன், கடைசில அனுப்பல. இனிமே வரமாட்டாருன்னு நெனச்சுட்டுப் படுத்துட்டேன்.

நேத்து பத்து மணிக்கு ரூம் போட்டோம். 10.07க்கு அண்ணே உள்ள வந்தாரு. முதுகுல லாங் ஸ்வோர்டு இல்ல. வாளும் கேடயமும்.

மான்ஸ்டர் ஹண்டர் ஆடாதவங்களுக்காக ஒரு வரி: அந்த ஆயுதம் மட்டும்தான் கையில உருவி வச்சுக்கிட்டே மருந்து குடிக்க விடும். வைட் ரேஞ்ச்ங்கிற ஸ்கில்ல அஞ்சு லெவல் போட்டுட்டா அவரு குடிக்கிற மருந்து பக்கத்துல இருக்குற நமக்கும் ஏறும், ஸ்பீட் ஈட்டிங் போட்டா மடக்கு மடக்குனு வேகமா முடிஞ்சுரும். மனுஷன் ராத்திரியோட ராத்திரியா மொத்த செட்டையும் மாத்திக் கட்டிருக்காரு. உசுர ஏத்துற மருந்து மெகா போஷன் பத்து, அங்கயே கலந்துக்க பத்து தேன், அதுபோக நம்ம அடிய ஏத்த ஒரு விதை, உடம்ப கெட்டியாக்க ஒரு விதை. அவரால டேமேஜ் ஒண்ணும் பெருசா வராது. ரூம்ல சொன்னது இவ்ளோதான்: "தம்பி, நான் ஓரமா நிக்கிறேன், நீங்க மூணு பேரும் தலைய பாருங்க".

குத்திக் காட்டல அவரு. நான் எவ்ளோ நேரம் அந்த குரல்ல தேடினாலும் அதுல ஒரு குத்தல் கூட இல்ல. நான் கோவத்துல சொன்ன வார்த்தைய எடுத்து அதையே அன்னைக்கு பிளானா ஆக்கிட்டாரு.

அதுக்கு அப்புறம் ஆட்டமே வேற. நான் இத்தன நாள் பண்ணிட்டு இருந்தது என்னன்னா அடி வாங்குனதும் வாள சொருகிட்டு ஓடி ஓடி மருந்து குடிக்கிறது, அதுக்குள்ள தலை இறங்கி ஏறிடும். நேத்து ஓடவே இல்ல. உசுரு கோடு கீழ இறங்கும், நான் அசையாம நிப்பேன், தானா ஏறும். அது பறந்து மேல போயி கோட்டையவே கொளுத்துறப்ப "தடுப்புக்கு வாங்க, தடுப்புக்கு வாங்க"ன்னு ஒரே தொனில சொல்லிட்டே இருப்பாரு, நாங்க மூணு பேரும் அந்தத் தடுப்புக்குப் பின்னாடி போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்த மாட்டாரு. இருபதாவது நிமிஷம் தலை ரெண்டாவது தடவ உடைஞ்சுது.

இருபத்தி ஆறாவது நிமிஷம். ரெண்டு உசுரு போயாச்சு, ஒண்ணு ஹேமர், ஒண்ணு நான். காலடில மிதி வாங்கி எந்திரிச்சேன், தலைக்கு மேல நட்சத்திரம் சுத்துது, ஸ்டன். எந்த பட்டன அமுக்குனாலும் ஒண்ணும் நடக்கல. அது ரெண்டு கால்ல எந்திரிச்சு நெஞ்ச நிமித்துது, தொண்டை வெளிச்சமா ஆகுது. எனக்குத் தெரியும் அடுத்து என்னன்னு. திடீர்னு பின்னாடி இருந்து டக்குனு ஒரு அடி. கேடயத்தால அண்ணே என் மேலயே ஒரு போடு போட்டாரு. கூட ஆடுறவன் தட்டினா ஸ்டன் தெளிஞ்சுரும். நான் உருண்டேன், நெருப்பு நான் நின்ன இடத்துல போயி விழுந்துச்சு. முந்தின நாள் எந்த அடிக்கு அவர திட்டினேனோ அதே அடி.

அப்புறம் ஒன்றரை நிமிஷம். தலை இறங்குச்சு, சார்ஜ் முழுசா ஏறுச்சு, விட்டேன். விழுந்துருச்சு.

நாங்க மூணு பேரும் பைத்தியம் மாதிரி கத்திட்டு இருக்கோம், அண்ணே பொறுமையா அத அறுத்து எடுத்துட்டு "ஓகே லா, நாலு மணிக்கு எந்திரிக்கணும்"னு கிளம்பிட்டாரு. நன்றின்னு ஒரு வார்த்த சொல்ல விடல. இப்ப நான் இத எழுதி முடிக்கிறப்ப அவரு எந்திரிக்க இன்னும் ஒரு மணி நேரம் கூட இல்ல.

அண்ணே, புதன்கிழமை பேசுனதுக்கு மன்னிச்சுக்குங்க. அத எல்லாரும் பாக்குற மாதிரியே சொல்லணும்னுதான் இங்க எழுதுறேன், ஏன்னா நான் திட்டுனதும் நாலு பேரு கேக்கத்தான். எனக்கு ஃபேட்டாலிஸோட அந்த அபூர்வக் கண்ணு கிடைச்சுது, கவசம் செய்ய அது வேணும், உங்களுக்குக் கிடைக்கலன்னு தங்கச்சி சொன்னா. உங்க கவசம் முழுசா முடியிற வரைக்கும் நான் கிரேட் ஸ்வோர்ட தொடமாட்டேன். உங்க லாங் ஸ்வோர்ட எடுத்துட்டு வாங்க, இஷ்டத்துக்கு வீசுங்க, நான் ஓரமா நிக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. வைட் ரேஞ்ச் செட்டு இப்பதான் கட்டி முடிச்சேன். மெகா போஷன் பத்து, தேன் பத்து, பெட்டில இருந்து எடுத்து வச்சாச்சு.