ஆல்பனி எம்பயர் அணியை ஒரே பத்தியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புகழ்பெற்ற வீரர்கள் விளையாட்டு அணிகளை விலைக்கு வாங்குவது குறித்துக் கடந்த இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அரீனா ஃபுட்பால் என்ற உள்ளரங்க ஆட்டத்தை ஆடிய ஆல்பனி எம்பயர் அணிக்கு அதில் ஒரே ஒரு பத்திதான். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஆன்டனியோ பிரவுன் வாங்கினார், சில மாதங்களில் அணி இல்லாமல் போனது என்று முடிந்துவிடுகிறது. அதில் தகவல் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆல்பனியில் வசித்துக்கொண்டு இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு, ஓர் ஊரின் முப்பது ஆண்டு ஆசை ஒரு பிரபலத்தின் வேடிக்கைக் கதையாகச் சுருங்கிப்போனதில் மிகுந்த வருத்தம்.

உங்கள் வாசகர்களில் பலர் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐஸ் ஹாக்கி அரங்கின் பனித்தரையை மூடி, அதன்மேல் செயற்கைப் புல்லை விரித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து இது. மைதானம் 50 கஜ நீளம், 85 அடி அகலம். அணிக்கு எட்டுப் பேர். எல்லைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த தடுப்புச் சுவர் நிற்கும். பந்தைப் பிடிக்கப் பாய்கிறவர் அந்தச் சுவரைத் தாண்டி முதல் வரிசை ரசிகரின் மடியிலேயே போய் விழுவதும் உண்டு. பந்து கூட்டத்துக்குள் போய்விட்டால் அது பிடித்தவருக்கே சொந்தம். ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1980களில் உருவாக்கிய ஆட்டம். 1987இல் நான்கு அணிகளுடன் அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. கோல்கம்பத்தின் இரு பக்கமும் கட்டும் வலையில் மோதித் திரும்பும் பந்தையும் ஆடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. அதற்கு ஃபாஸ்டர் காப்புரிமை பெற்றிருந்ததால், 2007இல் அது காலாவதியாகும்வரை மற்றச் சிறு லீக்குகள் வலையில்லாமலேயே ஆட வேண்டியிருந்தது.

ஆல்பனிக்கு இந்த ஆட்டம் 1990இல் வந்தது. அதே ஆண்டு திறக்கப்பட்ட நிக்கர்பாக்கர் அரங்கில் ஃபயர்பேர்ட்ஸ் அணி ஆடத் தொடங்கியது. அந்த அணியின் நட்சத்திரம் எடி பிரவுன். 'டச்டவுன் எடி' என்று சொன்னால் இங்கே நடுவயதைக் கடந்தவர்களின் முகம் இன்றும் மலரும். லீக்கின் முதல் இருபது ஆண்டுகளில் ஆடியவர்களிலேயே மிகச் சிறந்தவராக 2006இல் தேர்வானவர் அவர். ஃபயர்பேர்ட்ஸ் 1999இல் பட்டம் வென்றது. அடுத்த பருவம் முடிந்ததும் அணி இண்டியானாபொலிசுக்குப் போய்விட்டது. பட்டம் வென்ற அணியைப் பறிகொடுப்பது ஆல்பனிக்கு அப்போதே பழக்கமாகிவிட்டது. பிறகு இரண்டாம் நிலை லீக்கில் கான்க்வெஸ்ட் என்றொரு அணி வந்தது. 2009இல் அந்த லீக்கே மறைந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி.

எம்பயர் என்ற பெயர் பிறந்தது 2018இல். அரீனா லீக்கில் அப்போது நான்கே அணிகள். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த எம்பயர், 12 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றிருந்த வாஷிங்டன் வேலர் அணியிடம் அரையிறுதியில் தோற்றது. அடுத்த ஆண்டு அந்தக் காயம் ஆறியது. 2019 ஆகஸ்ட் 11 அன்று, சொந்த அரங்கில், 12,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னால், பிலடெல்பியா சோல் அணியை 45-27 என்று வீழ்த்திப் பட்டம் வென்றார்கள்.

அந்த நவம்பரிலேயே லீக் திவாலானது. 2009 முதல் 2012 வரையிலான காலத்துக்குக் காப்பீடு வழங்கிய நிறுவனம் தொடுத்த பல மில்லியன் டாலர் வழக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம். தான் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே முடிந்துபோன காலத்துக் கணக்குக்காக, பட்டம் வென்ற சூட்டோடு ஓர் அணி பலியானது. கட்டுரையாளர் இதைத் தொட்டிருந்தால், மூன்றரை ஆண்டுகள் கழித்து நடந்ததன் பொருளே வாசகருக்கு வேறாகத் தெரிந்திருக்கும்.

அதே பெயரில், நேஷனல் அரீனா லீக் என்ற சிறு லீக்கில், 2021இல் இரண்டாவது எம்பயர் களமிறங்கியது. உள்ளூர்க்காரரான மைக் குவார்ட்டா அதன் உரிமையாளர்களில் ஒருவர். முதல் ஆண்டு இறுதியில் கொலம்பஸ் லயன்ஸ் அணியையும் அடுத்த ஆண்டு கரோலினா கோப்ராஸ் அணியையும் வீழ்த்தி, இரண்டு ஆண்டும் அடுத்தடுத்துப் பட்டம்.

ஆன்டனியோ பிரவுன் வருவது இதற்கெல்லாம் பிறகுதான். அவர் எடி பிரவுனின் மகன். அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் கொடிகட்டிப் பறந்தவர். 2022 ஜனவரியில் ஆட்டத்தின் நடுவே சட்டையைக் கழற்றிவிட்டு வெளியேறியவர். 2023 மார்ச்சில் பங்குதாரராக வந்து, சில வாரங்களில் பெரும்பங்கு உரிமையாளரானார். தந்தை ஆண்ட ஊருக்கு மகன் வருகிறார் என்று ஊர் மகிழ்ந்தது உண்மை. அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். டச்டவுன் எடியைப் பார்த்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பிறகு பயிற்சியாளர்கள் மாறி மாறி வந்தார்கள், வீரர்களுக்குச் சம்பளம் தாமதமாவதாகச் செய்திகள் வந்தன. உரிமையாளரே களமிறங்கி ஆடப்போவதாக அறிவிப்பு வந்தது, அவர் ஆடவில்லை. லீக்குக்குச் செலுத்த வேண்டிய தவணை நின்றது. ஜூன் 15 அன்று மற்ற உரிமையாளர்கள் அவசரமாகக் கூடிப் பேசி எம்பயரை நீக்கினார்கள். அப்போது அணி ஏழு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றிருந்தது.

பிரவுன் மீது குற்றமே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் கட்டுரை அவரோடு நின்றுவிட்டது. பருவத்தின் நடுவில் உரிமையாளர் ஒருவர் பணம் கட்ட மறுத்தால், வீரனின் சம்பளத்துக்கும் ரசிகர் முன்கூட்டியே வாங்கிய டிக்கெட்டுக்கும் யார் பொறுப்பு? ஒரு பருவத்துச் சம்பளத்தையாவது அணிகளிடமிருந்து வைப்புத் தொகையாக வாங்கி வைத்துக்கொண்டு, அதன்பிறகு முதல் ஆட்டத்தை நடத்துவதுதான் லீக்குக்கு அழகு. சிறு லீக்குகளோ அணிகளின் எண்ணிக்கையைக் காட்டியே விளம்பரம் தேடுவதால், வருகிறவரிடம் கறாராக இருக்கத் தயங்குகின்றன. இந்த லீக்குகளில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேலையும் பார்த்துப் பிழைக்கும் இளைஞர்கள். ஒரு வாரச் சம்பளம் தள்ளிப்போனாலும் அவர்களுக்கு வாடகை நிற்கும்.

இது பிரவுன் ஒருவரோடு போகிற சங்கதி அல்ல என்பதற்கு 2024ஐப் பார்த்தால் போதும். அரீனா ஃபுட்பால் லீக் பதினாறு அணிகளோடு மீண்டும் தொடங்கியது. சில வாரங்களிலேயே பணமில்லாமல் அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. லீக் தலைவரும் மாற்றப்பட்டார். பல அணிகள் பருவத்தை முடிக்கவில்லை. அங்கே எந்தப் பிரபலமும் சட்டையைக் கழற்றவில்லை. குவார்ட்டா மீண்டும் கொண்டுவந்த ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் தாக்குப்பிடித்து இறுதி ஆட்டம்வரை போனது.

ஆகவே, எம்பயரைப் பற்றி மறுபடி எழுதும்போது 2018இலிருந்து தொடங்குங்கள். இரண்டு அவதாரங்களில் ஐந்து பருவம், மூன்று பட்டம். இரண்டு முறையும் அது அழிந்ததற்குக் காரணம் களத்திலும் இல்லை, கேலரியிலும் இல்லை. புதிதாக அணி வாங்கும் பிரபலங்களைப் பேட்டி காணும் உங்கள் நிருபர்கள், வீரர்களின் இந்தப் பருவத்துச் சம்பளம் வங்கியில் இருக்கிறதா என்பதையும் அவர்களிடம் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆல்பனி, நியூயார்க் மாநிலம்